கடலறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

முன்னுரை

குமரி மாவட்டத்து மாணவர்களாகிய நமக்குக் கடல், புத்தகத்தில் மட்டும் படித்து அறியும் பொருளன்று. காலையில் கண் விழிக்கும்போது காதில் விழும் ஓசை அது. மாலையில் அடுப்பில் கொதிக்கும் குழம்பும் அதன் கொடையே. என் ஊர் தேங்காய்ப்பட்டணம். குழித்துறை ஆறு கடலோடு கலக்கும் பொழிமுகத்தை ஒட்டி அமைந்த பழம்பெரும் துறை. முற்காலத்தில் கடல் வாணிகத்தால் பெயர் பெற்றிருந்த இவ்வூர், இன்று மீன்பிடித் துறைமுகத்தால் அறியப்படுகிறது. சாளை மலிந்த ஆண்டுகளில் விற்றது போக எஞ்சியதைக் காயவைத்துத் தென்னைக்கு உரமாக இட்டதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே சாளை, வேறு சில ஆண்டுகளில் கண்ணில் காணக்கூடக் கிடைக்காமல் போய்விடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு ஏன் நேருகிறது? கடலிலிருந்து எடுப்பதற்கு எல்லை உண்டா? கடலின் ஒரு பகுதியைக் காப்பிடமாக ஒதுக்கி வைத்தால் பயன் விளையுமா? விளையுமாயின் அதைக் காக்க வேண்டியவர் யார்? இக்கேள்விகளை ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே மன்னார் வளைகுடாவின் கரையில் நின்று கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர், ஆனால் தமிழ்க் கடலைத் தமிழர் பலரினும் நன்கு அறிந்தவர். முத்து, சங்கு, சாளை, கட்டுமரம் ஆகிய நான்கையும் முறையாக ஆராய்ந்து எழுதிவைத்தவர். அவரே ஜேம்ஸ் ஹார்னெல். மீன்வளத் துறையினரும் மரக்கல வரலாற்று ஆய்வாளர்களும் இன்றளவும் எடுத்துப் புரட்டும் பெயர் அது. அவருடைய வாழ்வைச் சுருக்கமாகக் கூறி, அதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது என எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் ஜெர்சித் தீவும்

ஹார்னெல் பிறந்த ஆண்டு 1865. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள கால்வாயில் ஜெர்சி என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்கே கடல் வற்றும்போது பாறைகளும் குட்டைகளும் நெடுந்தொலைவு வெளியே தெரியும். கடல் உயிர்களை ஆராய விரும்புவோருக்கு அது ஒரு திறந்த பள்ளிக்கூடம். ஜோசப் சினெல் என்னும் இயற்கை ஆய்வாளருடன் சேர்ந்து அங்கே ஓர் ஆய்வு நிலையத்தை ஹார்னெல் நடத்தினார். கடல் உயிர்களைச் சேகரித்துப் பதப்படுத்திப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். 1890களில் கடல் விலங்கியலுக்கென்றே ஒரு பத்திரிகையையும் அவர் வெளியிட்டார். பெரிய பதவியோ பெரும் பொருளோ இல்லாத வேலை அது. ஆயினும் சிப்பியையும் நண்டையும் புழுவையும் நுண்ணோக்கியில் வைத்துப் பொறுமையுடன் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்தது. அந்தப் பழக்கமே அவரைக் கீழ்த்திசைக்கு அழைத்துவந்தது.

மன்னார் வளைகுடா அழைத்தது

மன்னார் வளைகுடாவின் முத்து உலகப் புகழ் பெற்றது. கொற்கை முத்தைச் சங்க நூல்களும் பாடுகின்றன. மேலை நாட்டுப் பழைய வணிகக் குறிப்புகளும் பேசுகின்றன. ஆனால் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கும் தொழிலன்று. கடலடியில் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். சில ஆண்டுகள் பாரெங்கும் சிப்பி நிறைந்திருக்கும். பின்னர் ஒன்றுமே இராது. பத்தாண்டுகள், இருபதாண்டுகள் வெறுமையாகக் கிடந்த காலமும் உண்டு.

இலங்கைப் பக்கத்தில் 1891-ஆம் ஆண்டுக்குப் பிறகு முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. வருவாய் இழந்த இலங்கை அரசு, இதன் காரணத்தைக் கண்டறியுமாறு லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை வேண்டிக்கொண்டது. ஹெர்ட்மன் தமக்குத் துணையாக ஹார்னெலை அழைத்துக்கொண்டு 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்தார். சில மாதங்களில் பேராசிரியர் திரும்பிவிட்டார். ஹார்னெல் தங்கிவிட்டார். காலியில் ஓர் ஆய்வகம் அமைந்தது. பார் பாராகச் சென்று, சிப்பிகளை எடுத்து, அளந்து, வெட்டிப் பார்த்துக் குறிப்பெழுதும் பணி அவர் தோளில் விழுந்தது. இவ்வாய்வின் முடிவுகளை இலண்டன் ராயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது.

அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று நம் கருத்துக்கு உரியது. மேற்கே ஆழ்கடலை நோக்கி அமைந்த பெரிய பார் என்னும் திட்டில் சிப்பிக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் வந்து படியும். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசியதும் மணல் புரண்டு அவை மூடப்பட்டுப்போகும், அல்லது அடித்துச் செல்லப்படும். எஞ்சியவற்றைத் திருக்கையும் கிளாத்தியும் நட்சத்திர மீனும் தின்றுவிடும். கரையை ஒட்டிய பாதுகாப்பான பார்களில் விழுந்த குஞ்சுகளே பிழைத்துப் பருவம் எய்தும். ஆதலால் ஒரு திட்டின் வளம் அத்திட்டோடு முடிவதன்று. எங்கோ ஓரிடத்தில் முட்டையிட்டது, நீரோட்டத்தில் மிதந்து வந்து, வேறோரிடத்தில் வேர்கொள்கிறது. இன்று கடற்காப்பிடங்களை வகுக்கும் அறிஞர்கள், முட்டையிடும் இடம், குஞ்சு வளரும் இடம், முதிர்ந்து வாழும் இடம் ஆகிய மூன்றையும் இணைத்துக் காக்கவேண்டும் என்கிறார்கள். அதற்கான சான்று மன்னார்ப் பார்களில் அன்றே கிடைத்திருந்தது.

முத்து உருவாவதற்கு ஒரு நாடாப்புழுவின் இளம்பருவமே காரணம் என்று ஹெர்ட்மனும் ஹார்னெலும் கருதினார்கள். பின்வந்த ஆய்வுகள் அதை முழுமையாக ஏற்கவில்லை. அறிவியலில் இஃது இயல்பே. ஒருவர் கூறிய முடிவு தள்ளப்பட்டாலும், அவர் எடுத்த அளவும் எழுதிய குறிப்பும் நிலைத்து நிற்கின்றன.

பெருவிளைவும் பெருவீழ்ச்சியும்

1903-ஆம் ஆண்டு பார்கள் மீண்டும் நிறைந்தன. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்தது. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் மூச்சை அடக்கி மூழ்கினார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்போருக்கு. இரண்டு பங்கு அரசுக்கு. மனிதர் நடமாட்டமில்லாத மணற்கரையில், ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழுந்து சில வாரங்களில் கலைந்தது. 1905-ஆம் ஆண்டில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்கு முன் அத்தகைய விளைவைக் கண்டோர் இலர்.

விளைவைக் கண்டதும் ஆசை பெருகிற்று. இலண்டனில் ஒரு கம்பெனி தோன்றியது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகையில், 20 ஆண்டுகளுக்கு இலங்கை முத்துப் பார்களை அது 1906-இல் எடுத்துக்கொண்டது. ஹார்னெல் அக்கம்பெனியின் கடலறிஞரானார். குஞ்சுகளைப் பெரிய பாரிலிருந்து வாரி எடுத்துப் பாதுகாப்பான பார்களில் கொண்டுவந்து விதைப்பது, குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளக் கடலடியில் கல் இடுவது போன்ற வழிகளால் முத்து விளைச்சலை நிலைப்படுத்தலாம் என்பது திட்டம். அறிவியல் இருக்கிறது, பணம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. இனிக் கடல் ஆண்டுதோறும் கொடுத்தே தீரவேண்டும் என்று எண்ணினார்கள் போலும்!

கடல் கொடுக்கவில்லை. 1907-ஆம் ஆண்டுக் குளிப்போடு விளைவு நின்றது. பார்கள் மீண்டும் வெறுமையாயின. 20 ஆண்டுக் குத்தகை எடுத்த கம்பெனி, அதில் பாதிக் காலம்கூடத் தாக்குப்பிடிக்காமல் கலைந்தது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் இடைவிடாமல் வாரியதும் காரணம். கடலின் இயற்கையான ஏற்ற இறக்கமும் காரணம். எது எவ்வளவு என்று இன்றும் வரையறுத்துக் கூறுதல் எளிதன்று. ஆயினும் ஒன்று உறுதியாயிற்று. பாரின் வயிற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவரே ஆனாலும், அதனை ஆண்டுக்கு இவ்வளவு பெற்றுத்தா என்று கட்டளையிட முடியாது. ஹார்னெலின் வாழ்வில் நாம் மறக்கக்கூடாத பகுதி இதுவே. அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் இந்தத் தோல்வி நமக்குக் கூடுதலாகக் கற்பிக்கிறது.

தூத்துக்குடியும் சங்கும்

1908-ஆம் ஆண்டளவில் ஹார்னெல் சென்னை மாகாண அரசின் பணிக்கு வந்தார். அப்போது மாகாணத்தின் மீன்துறைக்கு வித்திட்டு வளர்த்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அவர் கீழ், தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளைக் கவனிக்கும் பொறுப்பு ஹார்னெலுக்குக் கிடைத்தது. பின்னர் அவரே மீன்துறையின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

முத்தைப் போலன்றிச் சங்கு ஆண்டுதோறும் கிடைப்பது. மணலில் ஊர்ந்து புழுக்களைத் தின்று வாழும் உயிர் அது. தமிழகக் கடலில் எடுத்த சங்கு கப்பலேறி வங்காளத்துக்குப் போகும். டாக்காவின் சங்கறுப்போர் அதனை அரத்தால் அறுத்து வளையலாக்குவார்கள். வங்காளத்து மணமகளின் கையில் ஏறும் வளை, தூத்துக்குடிக் கடலடியில் ஒருவன் மூச்சை அடக்கித் தேடிய பொருள். இந்த நெடிய தொடர்பை விளக்கி ஹார்னெல் 1914-இல் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி ஒரு நூல் எழுதினார். கொற்கை, பழைய காயல் ஆகிய இடங்களில் அறுத்துக் கழித்த சங்குத் துண்டுகள் மண்ணில் கிடப்பதைக் கண்டு, ஒரு காலத்தில் வளையறுக்கும் தொழில் இங்கேயே நடந்தது என்பதற்குச் சான்று காட்டினார். இலக்கியம் கூறியதை மண் மெய்ப்பித்தது.

சங்குக் குளிப்பில் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது. எடுத்து வந்த சங்குகளை மரப்பலகையில் உள்ள துளைகளில் இட்டு அளப்பார்கள். குறித்த விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். இளையது வளர்ந்து, முட்டையிட்டு, தன் இனத்தைப் பெருக்கிய பிறகு அதனை எடுக்கலாம் என்பது அதன் கருத்து. முத்துக்குளிப்பிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. பார்களை முன்னதாகவே சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். இல்லையேல் பார் மூடியே கிடக்கும். மூடிய பாரில் எவரும் குளிக்கலாகாது. வழிவழியாகப் பார்களை அறிந்த அடப்பனார் என்னும் குடியினர் அச்சோதனைக்கு வழிகாட்டினார்கள். கடற்காப்பிடம் என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, நம் கடலில் காப்பிடம் இருந்தது எனலாம். அரசன் வருவாய்க்காகக் காத்தான் என்பது உண்மைதான். ஆயினும் காத்ததனால் நிலைத்தது என்பதும் உண்மையே.

1917-இல் கடலட்டைத் தொழிலின் வரலாற்றையும் 1922-இல் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்புகளையும் பற்றி அவர் தனித்தனி நூல்கள் எழுதினார். சென்னை மீன்துறையின் வெளியீடுகளாக வந்த அவற்றை இன்று படித்தாலும், நூற்றாண்டுக்கு முன் இருந்த கடல் நம் கண்முன் விரியும்.

சாளையின் வழியைத் தேடி

ஹார்னெலின் பணிகளுள் நம் மேற்குக் கரைக்கு மிகவும் நெருக்கமானது சாளை ஆராய்ச்சியே. 1908-இல் அவர் மலபார்க் கரை வழியாக இலட்சத்தீவு வரை கலத்தில் சென்று மீன்வளத்தை ஆராய்ந்தார். அப்போது மலபார்க் கரையில் சாளை பெருந்தொழிலாகி வந்தது. பெருங்கொப்பரைகளில் வேகவைத்து எண்ணெய் எடுத்தார்கள். எஞ்சிய சக்கை உரமாகக் கப்பலேறிற்று. சில ஆண்டுகளில் கரை தாங்காத அளவு மீன். சில ஆண்டுகளில் பட்டினி. மீன் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹார்னெலும் அவருடன் பணியாற்றிய இராமசாமி நாயுடுவும் சேர்ந்து சாளையின் வாழ்க்கையைத் தேடிப் பிடித்தார்கள். 1920களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இந்தியச் சாளையைப் பற்றிய முதல் விரிவான ஆய்வுகளுள் ஒன்று. மீனின் வயிற்றைத் திறந்து அது தின்பதைக் கண்டார்கள்; கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகளே அதன் உணவு. முட்டைப் பையைத் திறந்து அது இனம்பெருக்கும் காலத்தைக் கண்டார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலமே அது. ஆனி, ஆடி மாதங்களில் கடல் கொந்தளித்துக் கிடக்கையில், அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் சத்துகளைச் சுமந்து மேலெழும்புகிறது. பாசி பெருகுகிறது. அந்த விருந்து நடக்கும் வேளை பார்த்துத் தாய் மீன் முட்டையிடுகிறது. இயற்கையின் இந்த ஏற்பாட்டைக் காணும்போது வியக்காமல் இருக்க முடியவில்லை.

1943-இல், குஞ்சுச் சாளையையும் சினைச் சாளையையும் பிடிப்பதற்குச் சென்னை அரசு சில கட்டுப்பாடுகளை விதித்தது. நோக்கம் நல்லது. ஆனால் கரைநெடுக அதை நிறைவேற்ற முடியவில்லை; மீனவரின் ஒத்துழைப்பும் கிட்டவில்லை. 1947-இல் அது கைவிடப்பட்டது. காகிதத்தில் எழுதிய சட்டம் கடலில் மிதக்காது என்பதற்கு இஃது ஒரு பாடம். ஆயினும் அந்த அறிவு வீண்போகவில்லை. நம் மேற்குக் கரையில் இன்று ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்கள் ஏன் ஆனியிலும் ஆடியிலும் அமைந்தன என்று நம்முள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது பல மீன்களுக்குப் பேறுகாலம். பேறுகாலத்தில் தாயை நாம் எப்படி நடத்துவோமோ, அப்படியே கடலையும் நடத்துதல் வேண்டும்.

கட்டுமரத்தின் மாணவர்

மீனை அறிந்தவர் பலர். மீன்பிடிக்கும் மனிதரையும் அறிய முயன்றவர் சிலரே. ஹார்னெல் அச்சிலருள் ஒருவர். கரையில் ஏறிக்கிடக்கும் ஒவ்வொரு கலத்தின் அருகிலும் நின்று அளவெடுத்தார். கட்டுமரத்தில் எத்தனை மரம், எப்படிப் பிணைக்கிறார்கள், பாய் எவ்வகை, துடுப்பு எவ்வகை என்று எழுதினார். 1920-இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றிய அவருடைய ஆய்வு வெளிவந்தது. கோரமண்டலக் கரையின் மசூலாப் படகு முதல் மலபாரின் வள்ளம் வரை அதில் இடம் பெற்றன. தென்னிந்தியக் கலங்களிற் சிலவற்றுக்கும் பசிபிக் தீவுகளின் கலங்களுக்கும் உறவுண்டு என்று அவர் வாதிட்டார். அக்கருத்து முழுவதையும் இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. எனினும் இன்று மறைந்துபோன பல கலங்களின் உருவம் அவர் குறிப்புகளில்தான் எஞ்சியிருக்கிறது.

ஏட்டறிவு இல்லாதவர் என்று பிறர் ஒதுக்கிய மீனவரிடம், கற்றுக்கொள்ளும் மாணவராய் அவர் போய் நின்றார். நம் கரையின் முதியோர், கரையில் தெரியும் மலையையும் தென்னந்தோப்பையும் கோபுரத்தையும் நேர் வைத்துப் பார்த்து, நடுக்கடலில் பார் இருக்கும் இடத்தைத் தப்பாமல் சொல்வார்கள். நீரின் நிறம் கண்டு மீனின் வரவை அறிவார்கள். இந்த அறிவு நூலகத்தில் இல்லை. அவர்களோடு சேர்ந்தே மறைந்துகொண்டிருக்கிறது.

ஓய்வும் மறைவும்

1924-இல் ஓய்வு பெற்ற ஹார்னெல் சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. அறுபது வயதை எட்டும் நிலையில், பசிபிக் தீவுகளுக்குச் சென்ற ஓர் அறிவியல் பயணத்தில் கலந்துகொண்டார். பல நாடுகளின் மீன்வளத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தார். சீஷெல்சுத் தீவுகளின் ஆமை பிடிப்பைப் பற்றி 1927-இல் தனி அறிக்கை எழுதினார். அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த அல்டாப்ரா இன்று ஆமைகளின் பெரும் காப்பிடம். 1982-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஹாடன் என்னும் அறிஞரோடு இணைந்து பசிபிக் கலங்களைப் பற்றி மூன்று தொகுதிகளை 1936 முதல் 1938 வரை வெளியிட்டார். 1946-இல், எண்பது வயதைத் தாண்டிய பின், நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிய பெருநூலைக் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. 1949-இல் அவர் மறைந்தார். பல கடல்களில் மீன்பிடித்தலைப் பற்றிய அவருடைய கடைசி நூல், மறைவுக்குப் பின் 1950-இல் வெளிவந்தது.

அவருக்குப் பின்

அவர் பணியாற்றிய காலத்திலேயே பாம்பனை அடுத்த குருசடைத் தீவு விலங்கியலாரின் கவனத்தை ஈர்த்தது. அத்தீவின் உயிரினங்களைப் பற்றிய முதல் தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்டது. விலங்கியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் பலனோகிளாசசு அங்கே மணலுக்குள் வாழ்கிறது. ஆனால் அறிஞர் போற்றிய அக்கடலைப் பிறர் போற்றவில்லை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட தீவுகளைச் சூழ்ந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

1986-ஆம் ஆண்டு தமிழக அரசு 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இத்தீவுகளுள் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் மூழ்கிவிட்டன. பவளம் போனால் அலையைத் தடுக்கும் அரண் போகிறது. அரண் போனால் தீவு போகிறது. தீவு போனால் அதன் பின்னாலிருக்கும் ஊரை அலை நேராக வந்து தாக்குகிறது. தேய்ந்துவந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கி அதனைக் காக்க முயன்றுவருகிறார்கள். இயற்கை கூலியின்றிச் செய்த வேலையை, நாம் இப்போது பெரும் பொருள் செலவழித்துச் செய்கிறோம். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடற்பசுவுக்கென்று இந்தியாவிலேயே முதன்முறையாகக் காப்பகமாக ஒதுக்கப்பட்டது.

காப்பிடம் அமைத்தபோது மீனவர் மனத்தில் அச்சம் பிறந்தது. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தீவில் கால் வைக்கக்கூடாது என்றால் வயிற்றுக்கு என்ன வழி? கடற்பாசி பறிக்கும் பெண்கள் பலர் இடர்ப்பட்டனர். ஆனால் அப்பெண்களே பின்னர் கூடிப்பேசி, மாதத்தில் குறித்த சில நாட்களே பறிப்பது, பாசி இனம்பெருக்கும் காலத்தில் ஓய்வு கொடுப்பது, வேரோடு பறிக்கும் கருவிகளைத் தவிர்ப்பது எனத் தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டனர். 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடியாதது, இங்கே மக்களின் மனவுறுதியால் முடிந்தது.

நம் கரையின் நிலை

இனி நம் கரைக்கு வருவோம். இரையுமன்துறை, முள்ளூர்துறை, இராமன்துறை என நம் ஊரைச் சூழ்ந்த துறைகள் யாவும் கடலை நம்பியே வாழ்பவை. குமரிமுனைக்குத் தெற்கே கடலடியில் உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் மேட்டுநிலம், மீன்வளத்தில் சிறந்த பகுதி. 1976-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி அது இந்தியாவின் பொருளாதார எல்லைக்குள் அடங்கியது. எனினும் மன்னார் வளைகுடாவைப் போல அதற்குப் பூங்கா என்ற காப்பு இல்லை. குமரிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் எண்ணெயும் எரிவளியும் தேடும் திட்டங்கள் அண்மைக் காலத்தில் பேசப்பட்டபோது, மீனவ மக்கள் கலங்கியதில் வியப்பில்லை.

கரையிலும் கவலை உண்டு. கரமடி இழுக்க மணல் வேண்டும். மீன் உலர்த்த மணல் வேண்டும். ஆமை முட்டையிட மணல் வேண்டும். கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டுகிறோம். அது சில வீடுகளைக் காக்கிறது. அடுத்த ஊரின் மணலைக் கரைத்துவிடுகிறது. பொழிமுகத்தில் மணல் திட்டு எழுந்து, கரை சேரும் வேளையில் படகு கவிழ்ந்து உயிர் போன துயரத்தை நம் ஊர் அறியும். ஆறும் அலையும் மணலும் ஒன்றோடொன்று பேசி நடத்தும் குடித்தனம் அது. அந்தப் பேச்சைக் கேளாமல் நாம் எதைக் கட்டினாலும் அதன் விலையை எளியவரே செலுத்துகிறார்கள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலும் இதனை நமக்குக் கண்ணீரால் எழுதிக்காட்டின.

சாளையோ இன்னும் தன் பழைய விளையாட்டை ஆடுகிறது. அண்டையிலுள்ள கேரளக் கரையில் 2012-இல் சுமார் 4 இலட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021-இல் அது 4 ஆயிரம் டன்னுக்கும் கீழே இறங்கிற்று. கடலின் வெப்பமும் நீரோட்டமும் மாறுவது ஒருபுறம். குஞ்சு மீனை அரித்தெடுத்து ஆலைக்கு அனுப்பும் பேராசை மறுபுறம். முதலாவதை நாம் ஒரு நாளில் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்ற முடியும். சங்கைத் துளைப்பலகையில் அளந்து சிறியதைக் கடலில் விட்ட அந்தப் பழைய ஒழுங்கு, மடியின் கண்ணளவுக்கும் பொருந்தும்.

முடிவுரை

ஜேம்ஸ் ஹார்னெல் ஆங்கில அரசின் அலுவலர். முத்தும் சங்கும் அரசுக்கு எவ்வளவு வருவாய் தரும் என்று கணக்கிடுவதே அவருக்கு இட்ட வேலை. அந்த வருவாயில் மூழ்கி எடுத்தவனுக்குக் கிட்டியது சிறு பங்கு என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் இட்ட வேலைக்கு அப்பாலும் அவர் பார்த்தார். கடலில் காக்க வேண்டியவை மூன்று என்பதை அவர் வாழ்க்கை முழுவதும் நமக்குக் காட்டுகிறது. இனம்பெருக்கும் காலத்தைக் காக்கவேண்டும். குஞ்சு வளரும் இடத்தைக் காக்கவேண்டும். முதிராத இளையதைக் காக்கவேண்டும். இம்மூன்றையும் மறந்து, கடலை ஆண்டுதோறும் அறுவடை செய்யும் வயலாக எண்ணிய கம்பெனி அழிந்தது. இம்மூன்றோடு நான்காவது ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலோடு வாழும் மக்களைக் காவலராகக் கொள்ளாத காப்பு, கரையில் எழுதிய எழுத்தாகவே முடியும்.

நம் கல்லூரியில் கடலோர ஊர்களிலிருந்து வரும் மாணவ மாணவியர் பலர் இருக்கிறோம். விலங்கியல் படிப்போர் பொழிமுகத்து மீன் குஞ்சுகளை மாதந்தோறும் அளந்து குறித்துவைக்கலாம். புவியியல் படிப்போர் கரையின் அகலத்தை ஆண்டுக்கு இருமுறை அளக்கலாம். தமிழ் படிப்போர் முதியோரிடம் சென்று, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பாருக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். ஜெர்சித் தீவின் குட்டையோரத்தில் ஹார்னெல் தொடங்கியதும் அவ்வளவே.

எங்கள் பாட்டன்மார் தென்னைக்கு உரமாக இட்ட சாளை, எங்கள் பேரன்மாரின் குழம்பிலாவது இருக்கவேண்டும். அதற்கான பொறுப்பு இடையில் நிற்கும் நம்மிடமே இருக்கிறது.